"அவங்கப்பாவும் லேட்டாத்தான் நடந்தாராம்"

பிசியோதெரபி அறையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சொல்வது பெரும்பாலும் பாட்டிகள். சில சமயம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் சிக்கல்.

தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அதற்குப் பதற வேண்டாம். ஆனால் 9 மாதம் தாண்டியும் பிடிமானமின்றி உட்காரவில்லை, 18 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளில் நடைக்கான கடைசி எல்லையே 17.6 மாதம்தான். குறைமாதப் பிள்ளைக்கு மட்டும், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும்.

தாமதத்தைவிட என்னை அதிகம் உறுத்துபவை வேறு. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டுவது. உடம்பு துவண்டோ விறைத்தோ இருப்பது. நேற்றுவரை செய்ததை இன்று விட்டுவிடுவது. தரையிலிருந்து எழும்போது பையன் தன் தொடையிலேயே கையூன்றி ஏறினால், தசைச் சிதைவு நோயா என்று பார்க்க சிகே (கிரியேட்டின் கைனேஸ்) ரத்தப் பரிசோதனை அவசியம்.

கேஸ் ஷீட்டில் "வளர்ச்சி தாமதம்" என்று ஒற்றை வரி எழுதுவது எனக்குப் பிடிக்காது. "10 மாதம். உட்கார வைத்தால் உட்காருகிறான், தானாக எழுந்து உட்காரவில்லை. வலது கால் விறைப்பு." இப்படி இருந்தால்தான் அடுத்த முறை ஒப்பிட முடியும்.

பெற்றோரே, வீட்டில் பிள்ளை விளையாடுவதை செல்போனில் எடுத்துத் தேதியோடு கொண்டு வாருங்கள். எங்களிடம் வந்தால் அழத்தான் செய்யும்.