கம்பி தாங்கும் வேகம்

2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு ஏஓஎல் நிறுவனம், தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தந்த தன் டயல்-அப் சேவையை அமெரிக்காவில் நிறுத்திக்கொண்டது. செய்தியைப் படித்ததும் அந்தச் சத்தம்தான் காதுக்குள் எழுந்தது. எண்கள் விழும் ஒலி, எதிர்முனை எடுத்ததும் நீளமாக வரும் 2,100 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதி, அப்புறம் இரண்டு மோடங்களும் சேர்ந்து போடும் இரைச்சல். அந்த இரைச்சலில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். பல சுருதிகளை ஒரே நேரத்தில் அனுப்பி, எது தேய்ந்து வருகிறது, எதில் கரகரப்பு கூடுகிறது என்று மோடம் கேட்கும். இடையில் கிடக்கும் கம்பி எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்யும். சத்தம் அடங்கியதும் திரையில் ஓர் எண் வரும். 2000ஆம் ஆண்டில் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் 26,400.

அந்த எண்ணைப் பெரிதாக்க ஆசைப்பட்டதற்குக் காரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்த, ஊர் ஊராக இருந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து கூலி வாங்காமல் இணையத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது திருக்குறள். ஒரு குறளுக்கு எழுபது பைட் என்று வைத்தாலும் 1,330 குறளும் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.  ஒரு நடிகையின் புகைப்படம் இறங்கும் நேரத்தில் முப்பாலும் வீட்டுக்கு வந்துவிடும். எழுத்து எவ்வளவு எடை குறைந்தது என்பதை அந்தக் கம்பிதான் எனக்குக் காட்டியது.

லேப்டாப் அத்தை மகனுடையது. கலிபோர்னியாவிலிருந்து வந்தவர், "இதுல இனிமே என்ன பண்ண முடியும், நீயே வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார். 486 செயலி, 8 எம்பி ராம், விண்டோஸ் 95. உலாவியில் ஒரு பக்கம் திறந்தாலே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடத் தொடங்கும். நினைவகத்தில் இடம் இல்லாமல் வட்டில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று அர்த்தம். மோடம் கொண்டுவந்து போட்டதை வாங்கி வைக்க ஆள் இல்லை.

ராமும் புது மோடமும் வாங்க, சென்னையில் மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு வரை கடைகள். பழைய லேப்டாப்புக்கான ராம் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு மாதிரி. கடைக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, அதிலிருந்து 16 எம்பி பலகை ஒன்றைத் தேடி எடுத்தார். அடுத்து மோடம் கார்டு. கிட்டத்தட்ட விசிட்டிங் கார்டு அளவுதான். ஒன்றை எடுத்துக் கொடுத்தவர் உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். "இது கார்ட்பஸ் சார், உங்களுதுல போகாது" என்று முனையைக் காட்டினார். பொன்னிறத்தில் ஒரு தகடு, அதில் வரிசையாகச் சிறு புடைப்புகள். அந்தத் தகடு இருந்தால் 32 பிட். எங்கள் இயந்திரத்துக்கு வேண்டியது 16 பிட். வழவழவென்று இருந்த இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்குகிறவருக்கு எது பொருந்தாது என்று முதலில் சொல்லும் வியாபாரி அவர்.

கார்டு வாங்கியதற்கு இன்னொரு நியாயமும் இருந்தது. பழைய மோடம் மாட்டியிருந்த சீரியல் போர்ட்டில் ஒரு பைட் வந்தால் உடனே செயலி ஓடிவந்து எடுக்க வேண்டும். அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் முந்தியது போச்சு. போர்ட் 57,600 வேகத்தில் இருந்தால் நொடிக்கு 5,760 முறை இப்படி. 486 வேறு வேலையில் இருக்கும்போது பைட்டுகள் தொலையும், திரும்பக் கேட்க வேண்டும். 16550 என்ற சில்லு வந்தபிறகு பதினாறு பைட் வரை காத்திருக்க இடம் கிடைத்தது. புது கார்டில் அந்த வசதி உள்ளேயே இருந்தது.

போட்டுப் பார்த்தால் மோடம் டயல் டோன் இல்லை என்றது! போனை எடுத்தால் டோன் நன்றாகக் கேட்கிறது. அமெரிக்க மோடத்துக்கு நம் ஊர் டயல் டோன் பிடிபடாது. எக்ஸ்3 என்ற கட்டளையைச் சேர்த்து, டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இணைய இணைப்பு வைத்திருந்த எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த மந்திரம் அது.

ராம் வந்ததும் ஹார்ட் டிஸ்க்கின் ஓட்டம் நின்றது. கார்டு வந்ததும் பைட்டுகள் தொலைவது நின்றது. திரையில் வந்த எண் மட்டும் 28,800. கார்டின் மேல் 56கே என்று அச்சிட்டிருந்தது.

அந்த 56 எங்கிருந்து வந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தொலைபேசி நிலையம் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறது. ஒவ்வோர் அளவிலும் எட்டு பிட். அதில் ஏழை நம்பிப் பயன்படுத்தினால் 56,000. பிரெண்ட் டவுன்ஷெண்ட் என்பவர் கண்டுபிடித்த வழி, 1998இல் வி.90 என்று உலகத் தரமாயிற்று. நிலையத்திலிருந்து வீடு வரை வரும் செம்புக் கம்பி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எங்கள் கம்பி ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கரகரத்தது.

புகார் எழுதிக் கொடுத்ததும் லைன்மேன் அண்ணன் சைக்கிளில் ஏணியோடு வந்தார். டெஸ்ட் போனின் கிளிப்பை, வீடுகளுக்குக் கம்பி பிரியும் டிபி பாக்ஸில் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அங்கே சுத்தம். மோடம் செய்வதையே அவர் காதால் செய்துகொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்து, வேப்பமரக் கிளைக்கடியில் நின்றார். டேப் சுற்றிய பழைய இணைப்பு ஒன்று. பிரித்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவத்துக்குச் சைவர்கள் உவமையாகச் சொல்லும் அதே செம்புக் களிம்பு. "இதுதான் சார் சாப்பிடுது" என்றார். பச்சையேறிய அளவுக்கு வெட்டி எறிந்து, புதுச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை கத்தியால் சுரண்டி, முறுக்கிக் கட்டி, மழை இறங்காதபடி வளைவைக் கீழ்நோக்கி விட்டார். அன்று ராத்திரி திரையில் 44,000.

கடையில் வாங்கியவை இரண்டும் லேப்டாப்பின் தடைகளை எடுத்தன. லேப்டாப்புக்கு வெளியே இருந்த தடையை எடுத்தது அவருடைய கத்தி.

தமிழ் இணையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எழுத்துரு செய்தவர்களையும் குறியேற்றம் வகுத்தவர்களையும் நூல்களைத் தட்டச்சு செய்தவர்களையும் பெயர் சொல்லி எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். அந்தத் தமிழ் வீடு வந்து சேர்ந்த கம்பியைக் காத்தவர்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் வேண்டும். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். கம்பியோடு வேலை செய்தவர்களும் அதில் உண்டு. இன்றும் அவர்கள் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். எந்த மழையில் எந்த ஜாயிண்ட் போகும், காதால் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதிவிடலாம். யாராவது இப்போதே தொடங்க வேண்டும்.