ஒரு பகற்பொழுதில் மதுரை

மதுரையைக் காண வருவோர் பலரும் ஒரு பகற்பொழுதையே கையிற்கொண்டு வருகின்றனர். செல்லூர்வாசியான எனக்கு எதைக் காட்டுவது என்பதைவிட, எதை விடுவது என்பதே சிக்கல். கொழும்பிலிருந்து வந்த தமிழாசிரிய நண்பருக்கும் ஒரு பகலே வாய்த்தது. திருமலை நாயக்கர் மகாலே முதன்மையானது என்றார் என் இல்லத்தரசியார். காந்தி நினைவு அருங்காட்சியகம் என்றான் மகன். இரண்டும் சிறந்தவையே. ஆயினும் மகாலின் தூண்களைப் படத்திலேனும் காணலாம். மாங்குளத்துக் கல்லெழுத்தின்முன் நேரில்தான் நிற்க வேண்டும்.

வெயில் ஏறுமுன் மலையேறினோம். 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த அக்கல்வெட்டுகள், சமணத் துறவியர்க்கு உறைவிடம் அமைத்தளித்ததை இயம்புகின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அங்குண்டு. என்னை ஈர்ப்பதோ, வெள்ளறை வணிகக் குழுவினரும் உடன் இடம்பெற்றிருப்பதே. அரசன் பெயருக்கு அருகில் வணிகர்க்கும் இடம்!

பிற்பகலில் கீழடி. சிவகங்கை மாவட்டத்தது எனினும் மதுரைக்கு அண்மையது. 2023இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில், பானையோடுகளில் கீறப்பட்ட ஆள்பெயர்களைப் பற்றிப் பேசிப்பேசி நண்பர் நகரவேயில்லை. காலையில் மன்னன் பெயர். மாலையில், தன் பானையில் தானே பெயரெழுதிக்கொண்ட யாரோ ஒருவன்.

மகாலுக்கு நேரமில்லை. நண்பருக்கு அதில் குறையேதுமில்லை. இல்லத்தரசியார்க்கு மட்டும் உண்டு.