திறவுகோல் கொடுக்கும் முன்

நம் மதரஸாவின் இணைய வகுப்புகளுக்கென நிர்வாகம் வழங்கிய மேக் கணினியில் சென்ற மாதம் ஓர் அறிவிப்பு தோன்றியது. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு ‘ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்’ எனும் முழு அனுமதியை வழங்குமாறு அது கோரியது. நாம் தயங்கினோம். வசதி கருதி நம் சொந்த மின்னஞ்சலையும் அதில் இணைத்திருந்தோம். தாய்மார்கள் தம் பிள்ளைகளைப் பற்றியும், சிலர் தம் இல்லறச் சிக்கல்களைப் பற்றியும் எழுதிய மடல்கள் அதில் இருந்தன. அவை அமானிதங்கள் அல்லவா?

கணினியைப் பராமரிக்கும் இளைஞரிடம் வினவினோம். “ஹஜ்ரத், 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்தே இப்படித்தான். இந்த அனுமதி இல்லாவிட்டால் மெயில், மெசேஜஸ், சஃபாரி ஆகியவற்றின் கோப்புகளை வேறு மென்பொருள்கள் திறக்க முடியாது. வைரஸ் அங்கே ஒளிந்திருந்தாலும் இதன் கண்ணில் படாது” என்றார். அலுவலகக் கணினிகளில், பயனர் எதையும் தொடாமலேயே நிர்வாகி தொலைவிலிருந்து இவ்வனுமதியை அளித்துவிடவும் இயலுமாம். அதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது.

பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையும் ஒழுக்கத்தை அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்திலிருந்து ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். இங்கோ வீடே நம்முடையதன்று. காவலாளியை அமர்த்தும் உரிமை உடையவர்களுக்கே உண்டு. பிறர் இரகசியங்களை அங்கே கொண்டுபோய் வைத்தது நம் பிழை.

அன்று இஷாவுக்குப் பின் அம்மின்னஞ்சல் கணக்கை அக்கணினியிலிருந்து நீக்கினோம். மடல் எழுதியவர்களுக்கும் தெரிவித்தோம். மறுநாள், அனுமதி கேட்பது நிர்வாகம் நிறுவிய மென்பொருள்தானா என்று சரிபார்த்த பின்னரே பொத்தானை இயக்கினோம். ஒரு தாய் மட்டும், முன்னர் எழுதியதை அது படித்திருக்குமா என்று கேட்டிருந்தார். அதுவரை அனுமதி வழங்கப்படவில்லை என்று பதில் எழுதினோம்.