ரைஹாலில் பதிந்த வெள்ளை



சரவணம்பட்டியில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் ஒரு பிளாஸ்டிக் ரைஹால் இருக்கிறது. வெள்ளையாக வாங்கியது. இப்போது முழுவதும் மஞ்சள் ஏறிவிட்டது. நடுவே முஸ்ஹஃப் அமர்ந்திருந்த இடம் மட்டும் அச்சுப்போல் வெள்ளையாக நிற்கிறது. அதன் கதையைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு, ஏனெனில் பிழை நம்முடையது.

2021 நவம்பரில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, மதரஸாவுக்கும் பிள்ளைகள் திரும்பினர். பெற்றோர்க்கு அச்சம் தீரவில்லை. கிருமிநாசினி தெளித்தால் தாள் நனையும் என்று, சிலர் சேர்ந்து ஒரு புற ஊதா விளக்கை வாங்கித் தந்தனர். முந்தைய ஆண்டு மே மாதத்தில் டிஆர்டிஓவின் தில்லி ஆய்வகமான லாஸ்டெக் இத்தகைய கருவியொன்றை உருவாக்கிய செய்தியை நாமும் படித்திருந்தோம்: 43 வாட் விளக்குகள் ஆறு, 12க்கு 12 அடி அறைக்குச் சுமார் 10 நிமிடம். நமக்கு விற்றவரோ, எவ்வளவு நேரம் எரிந்தாலும் நல்லதே என்றார். நாமும் நம்பினோம். இஷாவுக்குப் பின் கதவைப் பூட்டிவிட்டு இரவு முழுவதும் எரியவிட்டோம். பத்து நிமிடம் எங்கே, ஓர் இரவு எங்கே!

சில மாதங்களில் ரைஹால்கள் மஞ்சளாகி, மடக்கும் இடத்தில் விரிசல் விட்டன. மலிவுத் தாளில் அச்சிட்ட காயிதாக்களின் ஓரம் பழுப்பேறியது. சிவப்புத் தொழுகை விரிப்பில் ஒளி விழுந்த பாகம் வெளுத்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு மாணவரின் அத்தா, விரிப்பின் மடிந்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வருசக்கணக்கா வெயில்ல கிடந்த துணியாட்ட இருக்குதுங்க ஹஜ்ரத்" என்றார். எஃகு டம்ளர்களுக்கும் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகே காரணத்தைத் தேடிப் படித்தோம். இவ்விளக்கின் ஒளி பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளம் உடையது, கண்ணுக்குத் தெரியாது. நாம் காணும் நீல மினுக்கம் அதன் சிறு மிச்சமே. சூரியனிலும் இவ்வகைக் கதிர் உண்டு. ஆனால் வளிமண்டலத்தின் ஓசோன் அதைத் தடுத்துவிடுவதால் நம் வீட்டுப் பொருள்கள் அதைச் சந்தித்ததே இல்லை. கிருமியின் மரபணுவைச் சிதைக்கும் அதே ஆற்றல், பிளாஸ்டிக்கின் நீண்ட கரிமச் சங்கிலியையும் சாயத்தின் மூலக்கூற்றையும் அறுத்துவிடுகிறது. மலிவுத் தாளில் தங்கியிருக்கும் மரத்தின் லிக்னின் அதனால் பழுப்பாகிறது. வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானில் இதே விளக்கு எஃகுக் குழாய்க்குள் அடைபட்டு எரிவதால் அங்கே தொல்லை தெரிவதில்லை.

நம்மை மிகவும் வருத்தியது வேறொன்று. இக்கதிர் விழும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். தாளைத் தாண்டாது, சாதாரணக் கண்ணாடியையும் தாண்டாது. மூடிய முஸ்ஹஃபின் அட்டையிலும் ஓரத்திலும்தான் அது விழுந்தது. பிள்ளைகள் விரல் வைத்து ஓதிய பக்கங்களை அது ஓர் இரவும் தொடவில்லை. பெற்றோரிடம் நாம் அளித்த உறுதி வெறும் சொல்லாகவே இருந்திருக்கிறது.

ஒருநாள் விளக்கு எரியும்போதே உள்ளே சென்று விரிப்புகளைச் சீராக்கினோம். அன்று நள்ளிரவில் இரு கண்களிலும் மணல் விழுந்தாற்போல் எரிச்சல், நீர் நிற்கவில்லை. கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சகோதரர் பார்த்தவுடன், கண்ணாடி அணியாமல் பற்றவைத்தவனுக்கு வரும் கோளாறு இது என்றார். மருத்துவரும் அதையே சொன்னார். இரண்டு நாளில் குணமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அன்று நம்முடன் பிள்ளைகள் எவரும் வரவில்லை. வந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் நெஞ்சை நடுக்குகிறது.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன் எல்லாவற்றையும் சொன்னோம். வக்ஃபாகத் தந்த பொருள்கள் நம் கையில் அமானிதம் அல்லவா. உடைந்த ரைஹால்களுக்கு ஈடாக மரத்தாலானவற்றை நம் செலவில் வாங்கி வைத்தோம். விளக்கு வாங்கித் தந்தவர்கள் கோபிக்கவில்லை. அதுவே கூடுதல் வெட்கமாயிற்று.

இப்போது சன்னல்களைத் திறந்து வைக்கிறோம். பிள்ளைகள் சோப்பிட்டுக் கைகழுவி, ஒளூச் செய்து வந்து அமர்கிறார்கள். விளக்கின் குழாயில் பாதரசம் இருப்பதால் குப்பையில் எறியாமல், உடையாதபடி துணி சுற்றி முத்தவல்லியிடம் ஒப்படைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், முதலில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.