கித்தாக் காட்டில் ஒரு புள்ளி

சுங்கைப்பட்டாணியில் குடியிருப்பவர்கள் மணிக்கூண்டைத் தாண்டாமல் ஒரு வாரத்தை ஓட்ட முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக லிம் லீன் தெங் என்ற தொழிலதிபர் 1936இல் கட்டிக்கொடுத்த கூண்டு அது. பசாருக்குப் போகிறவர்களும் பிள்ளைகளைப் பள்ளியில் விட வருகிறவர்களும் அதன் ஓரமாகத்தான் போகிறோம். ஆனால் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. என்னை அப்படி நிற்கவைத்தது ஜியோகேச்சிங் என்கிற பொழுதுபோக்கு. கூண்டிலிருந்து தொடங்கி பீடோங், செமலிங், மெர்போக், குரூண் என்று கடாரத்தின் (கெடா மாநிலத்தின்) பாதி ஊர்களை அது எனக்குப் புதிதாகக் காட்டியிருக்கிறது.

விளையாட்டு எளிது. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் செயலியில் பதிந்துவிடுகிறார். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி அங்கே போய், பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் உள்ளே பொம்மை, நாணயம், சாவிக்கொத்து என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் எங்கும் வைக்கக் கூடாது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

இது பிறந்த கதை சுவையானது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிறக்கும் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நீங்கள் நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும் பிழை. அதிபர் கிளிண்டனின் அரசு அதை நீக்கிய கையோடு, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்டுக்கு அருகே ஒரு வாளியை வைத்துவிட்டு அதன் புள்ளியை ஊரறியச் சொன்னார். வாளிக்குள் புத்தகம், கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ்! சில நாட்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மி ஐரிஷ் இதற்கென்றே ஒரு தளத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

இதில் போட்டி போடுகிறவர்கள் உண்டு. புதுப் பெட்டி அறிவிக்கப்பட்டதும் நள்ளிரவானாலும் மோட்டாரை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்ப் பெயர் எழுதுவார்கள். ஆயிரம், ஐயாயிரம் என்று எண்ணிக்கை சேர்ப்பார்கள். ஒரு நாள் விடாமல் தேடுவதை விரதம்போல நடத்துவார்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். என் வழி வேறு. ஒரு காலைப்பொழுதுக்கு ஓர் இடம் போதும். பெட்டி கிடைத்தாலும் உடனே கிளம்புவதில்லை; அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் வருவதில்லை. பெட்டியை வைத்தவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் எனக்கு விளையாட்டு.

தோட்டப்புறத்தில் தேடுவதற்கென்று சில நுணுக்கங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞை மெலிந்தது. அடர்ந்த இலைக்கூரை அதைக் குழப்பிவிடும். செம்பனை மட்டைகளுக்கு அடியில் நின்றால் கைப்பேசியின் அம்புக்குறி ஓரிடத்தில் நிற்காது. கித்தாக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, ஒரு பருவம் உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களில், வறட்சி தொடங்கியதும், மரங்கள் இலையை மொத்தமாக உதிர்க்கும். பால் குறையும் காலம் அது. வெட்டுக்காரர்களுக்குக் கையைக் கடிக்கும் காலம். தேடுகிறவனுக்கோ தலைக்கு மேல் வானம் திறந்துகொள்ளும், அம்பு அடங்கிவிடும், காலடியில் சருகு நொறுங்கும். கையுறையும் ஒரு குச்சியும் இல்லாமல் அந்தச் சருகில் கைவிடக் கூடாது. வெட்டிப்போட்ட செம்பனை மட்டைக் குவியலில் நாகம் குடியிருக்கும் என்று தோட்டத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பீடோங் பக்கம் ஒரு பழைய தோட்டம். தேடுகிறவர்களிடையே இடத்தைப் போட்டுடைக்காத மரபு இருப்பதால் எந்தத் தோட்டம் என்று சொல்லாமல் விடுகிறேன். பெரும்பகுதி செம்பனையாக மாறிய பிறகும் கோயிலுக்குப் பக்கத்தில் சில கித்தா மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலில் வண்ணம் புதிது. மரங்கள் முதிர்ந்தவை, வெட்டி வெட்டி ஆறிய பட்டை முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது. ஒரு மரத்தில் பால் பிடிக்கும் மங்கை மாட்டும் கம்பி இன்னும் பட்டைக்குள் பாதி விழுங்கப்பட்டுக் கிடந்தது. அதற்குக் கீழே, வேர் பிரியும் பொந்தில், பழைய பிலிம் சுருள் டப்பா. மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டிய ஒரு காகித நாடா. விரல் அகலம்தான். முதல் பெயருக்குப் பக்கத்தில் நீல மை ஈரத்தில் ஊறி ஊதாவாகப் பரவியிருந்தது. அடுத்தடுத்து சிங்கப்பூர்க்காரர்கள், பினாங்குக்காரர்கள், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு தம்பதி. இவர்கள் எல்லாம் இந்த மரத்தடிக்கு வந்து குனிந்திருக்கிறார்கள்.

நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கோயில் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார்.

“என்னா தம்பி தேடுறீங்க? ஏதும் விழுந்திருச்சா?”

“இல்ல பாட்டி. ஒரு டப்பா ஒளிச்சு வச்சிருக்காங்க, அதைத் தேடி எடுக்கிற வெளையாட்டு.”

டப்பாவை வாங்கிப் பார்த்தார். காகிதத்தில் இருந்த பெயர்களைப் படித்துக் காட்டினேன். “சருமன்லேருந்தா? இந்த மரத்தப் பாக்கவா?” என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி மட்டைக் குவியல் கிடந்த இடத்தைக் கைகாட்டினார். “அங்கதான் தம்பி ஆயாக் கொட்டா இருந்துச்சு. எம் மூணு பிள்ளைங்களையும் அங்க விட்டுட்டுத்தான் வெட்டுக்குப் போவேன். அந்தா அந்த மேடு, அதுதான் பெரட்டுக் களம். விடியறதுக்கு முன்னாடியே தண்டவாளத் துண்டத் தட்டுவாங்க. காண்டா வாளியத் தூக்கிட்டு ஓடணும்.”

அவர் காட்டிய இடங்களுக்கு அவரோடு நடந்தேன். லயம் இருந்த வரிசை, கிராணி வீடு, பால் ஸ்டோர், கிணறு. பார்வைக்கு எல்லாம் ஒரே செம்பனைதான். ஆனால் அவர் கால் எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்திருந்தது. கிணறு இருந்த இடத்தில் மட்டும் சிமெண்டு விளிம்பின் ஒரு வளைவு புல்லுக்குள் தட்டுப்பட்டது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஜியோகேச்சிங்கில் புள்ளியை டிகிரி, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுவார்கள். அட்சரேகையில் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீட்டர், ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் வரும் நீளம். கைப்பேசி அவ்வளவு துல்லியம் காட்டாது. வெட்டவெளியில் நான்கைந்து மீட்டர் முன்பின்னாக இருக்கும். ஒரு கிணற்றைக் குறிக்க அது போதும். ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பெட்டி எதுவும் வைப்பதில்லை. பெட்டி தேடப் போகிற இடத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்பேன். அவர்கள் காட்டினால் குறிப்பேன். என் வழி இவ்வளவுதான்.

இதைச் செய்யக் கடாரம் ஏற்ற மண். ஆர்வார்டு, டப்ளின், ஸ்கார்பரோ என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர்கள் இங்கே தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்னும் வாழ்கின்றன. ஆர்வார்டு தோட்டத்தின் கதை பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே ஏ.எம்.சாமி தொண்டர் படையைக் கட்டினார். கள்ளு நம் மக்களின் கூலியைக் குடிக்கிறது என்று சொல்லி, தோட்டம் தோட்டமாகக் கள்ளுக்கடைகளுக்கு எதிராக இளைஞர்கள் திரண்டார்கள். 1947இன் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசாருக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல் நடந்தது. மலாயாத் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பதிந்திருக்கிறார்கள். அந்தக் கள்ளுக்கடைகள் நின்ற தரையைக் காட்ட இன்று யார் இருக்கிறார்கள்? புத்தகத்தில் ஆண்டு இருக்கிறது. இடம் பெரியவர்களின் காலில் இருக்கிறது.

பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில் சுங்கை பத்து வரும். செம்பனை நடப்பட்ட நிலத்துக்குள் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, இரும்பு உருக்கிய தடயங்களையும் செங்கல் கட்டுமானங்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். இன்னும் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். அதன் மேட்டில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்தளம் நிற்கிறது. 1936, 1937 ஆண்டுகளில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் இந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தார். 1959, 1960 ஆண்டுகளில் அலஸ்டேர் லாம்ப் இந்தக் கோயிலை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். அந்த வேலையின்போது அடித்தளத்தில் கிடைத்தவை என்னை மிகவும் ஈர்த்தன. குழிகள் குடைந்த கல்பெட்டிகள். குழிகளுக்குள் சிறு செம்புக் கலங்களும் மணிகளும். கோயில் எழுப்பியவர்கள் கருவறைக்கும் மண்டபத்துக்கும் அடியில் நிறைவு வேண்டிப் புதைத்தவை. எவரும் திறக்கக் கூடாது என்று வைத்த பெட்டிகள் அவை. திறக்க வேண்டும் என்றே வைக்கப்படுபவை நாம் தேடும் பெட்டிகள். ஆனாலும் ஓர் இடத்தை மதித்து, அதற்குள் தன் கையால் ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போகும் மனம் இரண்டுக்கும் ஒன்றுதான். அருங்காட்சியகத்துக்குப் போனால் அவசரப்படாதீர்கள். கோயிலை ஒட்டி ஓடும் ஓடையில் இறங்கி, பாறைகளில் கால் நனைத்துவிட்டு வாருங்கள்.

அங்கே நின்று கைப்பேசியைப் பார்த்தால் அட்சரேகை 5 டிகிரி 44 நிமிடம் என்று காட்டும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நேர் மேற்கே கடலில் போனால் சுமத்ராவின் வடமுனையைத் தாண்டி, இலங்கையின் தென்முனைக்குச் சற்றுக் கீழே போய்ச் சேருவீர்கள். பழைய மாலுமிகளுக்குக் கைப்பேசி இல்லை; விண்மீனும் காற்றும் 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையும் இருந்தன. கடலிலிருந்து வருகிறவனுக்கு முதலில் தெரிந்த கரை அந்த மலை. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்களும் இந்தக் கடாரத்துக்குத்தான் வந்தன. குரூண் பக்கமிருந்து மலைச்சாலையில் ஏறிப் பாருங்கள். தெற்கே மெர்போக் ஆற்றின் வளைவுகள், வடக்கே யான் பக்கத்து வயல்கள், கிழக்கே தோட்டங்கள் என்று நம் ஊர் முழுவதும் விரிந்து கிடக்கும். ஒரு பெட்டியைச் சாக்காக வைத்துத்தான் நானும் அங்கே ஏறினேன். மலையை விட்டு இறங்க மனம் வரவில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய செலவு இல்லை. கைப்பேசி, பேனா, தண்ணீர், கையுறை போதும். தோட்டத்துக்குள் நுழையும்போது அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காவலாளி கேட்டால் மறைக்காமல் விளக்குங்கள். கோயிலிலும் இடுகாட்டிலும் பெட்டி தேடிக் கிளறாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், அம்புக்குறியைப் பிடிக்க அவர்களிடம் கொடுங்கள். கணக்குச் சேர்க்க விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள், விரும்பாவிட்டால் விடுங்கள். விளையாட்டு அதற்கெல்லாம் இடம் கொடுக்கும்.

பெட்டியே கிடைக்காத ஊரில் இருந்தாலும் ஒரு புள்ளி உங்களுக்கும் இருக்கிறது. உங்கள் பாட்டியோ தாத்தாவோ பிறந்த லயம், அவர்கள் பால் வெட்டிய நிரை, படித்த பள்ளிக்கூடம். அவர்கள் நடக்கும் தெம்போடு இருக்கும் இந்த ஆண்டிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காடியில் ஏற்றிக்கொண்டு போங்கள். “எங்க இருந்துச்சு, காட்டுங்க” என்று கேளுங்கள். அவர்கள் நின்று கைகாட்டும் இடத்தில் நீங்களும் நின்று, கைப்பேசியை எடுத்து அந்தப் புள்ளியைக் குறித்து, பக்கத்திலேயே அவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.