முப்பது விழுக்காட்டில் ஓர் இரவு

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் புத்தகங்களைப் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு வன்தட்டைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. இலக்கியத்தோடு இதற்குத் தொடர்பு இல்லாமலில்லை. அந்த வன்தட்டுக்குள் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயல் இருந்தது.

எங்கள் துறையில் ஒரு பழைய கணினி உண்டு. 2012இல் வாங்கியது. நான்கு ஜிபி நினைவகம், 500 ஜிபி வன்தட்டு. விண்டோஸ் 7 உடன் வந்து, பிற்பாடு விண்டோஸ் 10க்கு மாற்றப்பட்டது. சொந்தமாகக் கணினி வாங்க இயலாத ஆய்வாளர்கள் அதில்தான் தட்டச்சு செய்வார்கள். 2024 ஜூலையில், ஒப்பாரிப் பாடல்களை ஆய்ந்துகொண்டிருந்த மாணவி ஒருவர் இரண்டு வாரமாக அதன் முன்னேயே அமர்ந்து நான்காம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரே மூதாட்டி ஒரே பாடலை வெவ்வேறு இழவு வீடுகளில் எப்படி மாற்றி மாற்றிப் பாடியிருக்கிறார் என்பதை ஒலிப்பதிவுகளைக் கேட்டு வரிக்கு வரி குறித்திருந்தார். பாடியவர் அந்த ஆண்டு பங்குனியில் காலமாகிவிட்டார். ஐயம் வந்தால் கேட்டுத் தெளிய இனி ஆளில்லை. பென்டிரைவில் இருந்ததோ திருத்தங்களுக்கு முந்தைய படி.

ஒரு நண்பகலில் கணினி தானாகவே மேம்படுத்தலைத் தொடங்கிவிட்டது. நீலத்திரை, சுழலும் புள்ளிகள், முப்பது விழுக்காடு, கணினியை அணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை. நான்கு மணிக்கும் அதே முப்பது. இயற்பியல் துறை நண்பர் எட்டிப் பார்த்தார். "சார், அது செத்துப்போச்சு. பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சுட்டு மறுபடி போடுங்க" என்றார். மாணவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, அணைச்சா இயல் போயிடுமா?"

இங்கே சற்று நின்று அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுக்காட்டை நாம் கடிகாரமாகப் படிக்கிறோம். முப்பதுக்கு ஒரு மணி நேரம் என்றால் நூறுக்கு மூன்று மணி இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்த எண் குறிப்பது வேலையின் படிநிலையை மட்டுமே. ஒரு படியில் சில கோப்புகள் இருக்கும்; அடுத்த படியில் பல்லாயிரம் சிறு கோப்புகள் இருக்கும். பழைய வன்தட்டு என்பது சுழலும் தகடு. அதன்மேல் ஒரு முனை இங்குமங்கும் நகர்ந்து தேடித்தான் படிக்கவும் எழுதவும் வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் பத்து மில்லிநொடி அளவு ஆகும். நொடிக்கு நூறு தாவல் தேறினாலே அதிகம். அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டியில் இதே வேலை நொடிக்குப் பல்லாயிரம் முறை நடந்துவிடும். புதிய கணினியில் பத்து நிமிடத்தில் கடக்கும் படியில் பழையது மணிக்கணக்கில் நிற்பது இதனால்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நின்றுவிட்டதா, மெதுவாக நடக்கிறதா என்பது. அதற்குத் திரையில் விடை கிடையாது. பெட்டியின் முகப்பில் வன்தட்டுக்கென்று ஒரு சிறு விளக்கு உண்டு. பல ஆண்டுகளாக நாம் கவனிக்காமலே விட்ட விளக்கு. அது விட்டுவிட்டேனும் மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது. பெட்டியில் காதை வைத்தால் முனை நகரும் கரகரப்பு கேட்கும். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்கலாம். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் இயங்குதளம் முற்றிலும் உறைந்துவிடவில்லை. எங்கள் கணினியில் மூன்று அறிகுறிகளும் இருந்தன. "அணைக்க வேண்டாம்" என்றேன்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. அவர் சொன்னதும் முழுத் தவறில்லை. ஓரிரு மணி நேரம் விளக்கும் எரியாமல், விசைக்கும் அசையாமல் கிடந்தால், பென்டிரைவ், அச்சுப்பொறி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மின்விசையைப் பத்து நொடி அழுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் பெரும்பாலும் எல்லாம் அழிந்துவிடாது. ஏடு பெயர்த்தெழுதுபவர் பழைய சுவடியை அருகில் வைத்துக்கொண்டு புதியதை எழுதுவதைப்போல, இயங்குதளமும் பழைய கோப்புகளை விட்டுவிடாமல்தான் புதியவற்றை அடுக்குகிறது. இடையில் தடைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அடுத்தடுத்துத் தொடங்க முடியாமல் போனால் பழுதுநீக்கும் திரையைத் தானே காட்டும். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்குவது, எழுதிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து ஓலையைப் பறிப்பதுதான். மூப்படைந்த வன்தட்டில் அதை நான் செய்யத் துணியமாட்டேன்.

ஒரு சங்கடம் இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பராமரிப்புக்கான மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். துறையின் யுபிஎஸ் கால்மணி நேரம் தாங்கினால் பெரிது. மாணவியைக் கடைசிப் பேருந்துக்கு அனுப்பிவிட்டு நான் இருந்துவிட்டேன். காவலாளி இருமுறை வந்து, "சார், பூட்டணுமே" என்றார். மூன்றாம் முறை தேநீரோடு வந்து தானும் உட்கார்ந்துகொண்டார். அவருடைய பேரனின் பள்ளிக்கூடக் கதைகள் அனைத்தும் எனக்கு இப்போது தெரியும்.

ஒன்பது மணிக்குப் பிறகு திரை மாறியது. மேம்படுத்த இயலவில்லை, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்றது. தோல்விச் செய்திதான், எனக்கு அது போதுமானதாக இருந்தது. மேலும் இரண்டு மணி நேரம் கழித்து நுழைவுத் திரை வந்தது. நான்காம் இயலைப் பென்டிரைவில் படியெடுத்து, மாணவிக்கு மின்னஞ்சலிலும் அனுப்பினேன். அந்த நேரத்திலும் உடனே பதில் வந்தது.

மின்தடை முடிந்த மாலையில் காரணத்தைத் தேடினோம். சி பகுதிக்கு 60 ஜிபிதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் மீதம் 3 ஜிபி. டி பகுதியோ ஏறக்குறையக் காலி. மேசைத்திரையில் வைப்பதெல்லாம் சி பகுதியில்தான் சேரும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பழைய இதழ்களின் வருடிய படிகள் மட்டும் அங்கே 20 ஜிபிக்கு மேல் குவிந்திருந்தன. பெரிய மேம்படுத்தலுக்கு ஏறத்தாழ அதே அளவு காலியிடம் வேண்டும். அவற்றை டி பகுதிக்கு நகர்த்தினோம். மேம்படுத்தல் சேவையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்பதில் அரைகுறையாக இறங்கிக் கிடந்தவற்றை நீக்கி, சேவையை மீண்டும் தொடங்கினோம். பிறகு டிஐஎஸ்எம், அதன்பின் எஸ்எஃப்சி. இந்த வரிசையைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்றை எடுப்பது ஒரு சேமிப்பிலிருந்து. அந்தச் சேமிப்பைச் சீராக்குவது டிஐஎஸ்எம். மூலச்சுவடியே செல்லரித்திருந்தால் அதைப் பார்த்துத் திருத்தி என்ன பயன்?

வன்தட்டைச் சோதித்ததில் சில இடங்கள் பழுதாகியிருந்தன. அதை மாற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினோம். அடுத்த முறை அதே மேம்படுத்தல் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. முப்பதைக் கடந்ததை நான் பார்க்கக்கூட இல்லை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் 2012ஆம் ஆண்டுக் கணினியில் கிடையா. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டோம்; தட்டச்சுக்கு மட்டும் பயன்படுகிறது. ஒப்பாரி ஆய்வேட்டின் ஐந்தாம் இயலும் அதில்தான் முடிந்தது. இப்போது வேறொரு மாணவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். தாலாட்டு ஆய்கிறார்.