ஒரு தடவைக்கான கவசம்

சென்ற மாதம் ஹட்டனிலிருந்து தங்கை அழைத்தாள். மருமகன் தோட்டப் பாதை இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்துவிட்டானாம். முழங்கையில் தையல் போட்டதோடு சரி. "ஹெல்மட்டில் சின்னக் கீறல்தான் அண்ணா, பசை வைத்து ஒட்டிவிடலாம்" என்றாள். மறுநாள் காலை கோட்டையில் ரயிலேறினேன்.

இஸ்தோப்பு ஆணியில் அது தொங்கியது. வெளியே கீறல்தான், உள்ளே நெற்றிப் பக்கம் ஒரு விரலகலம் நசுங்கிப் பிளந்திருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் ரெஜிபோம் இனமே அந்த உட்புறம். மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லிசெக்கன் அதிக அவகாசம் தருகிறது. நசுங்கியது மீளாது. அதே இடத்தில் இரண்டாவது அடிக்கு அது உதவாது.

இந்த எளிய பொருள் சைக்கிளோட்டிகளின் தலைக்கு வரத் தாமதமாயிற்று. 1970கள் வரை பந்தய வீரர்கள் பஞ்சடைத்த தோற்பட்டிகளையே கட்டினார்கள். 1956இல் உயிரிழந்த கார்ப்பந்தய வீரர் பீட் ஸ்னெல்லின் பெயரால் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், தலைக்கவசங்களை இரும்பு அடைகல்லின் மீது விழவிட்டுச் சோதித்தது. 1975இல் பெல் நிறுவனம் சைக்கிளுக்கென்று கடின ஓடும் ரெஜிபோமும் கொண்ட கவசத்தை விற்றது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா 1990இல் சட்டமாக்கியது. பந்தய உலகம் விழிக்க, 2003இல் பாரிஸ்–நீஸ் போட்டியில் கவசமின்றி விழுந்த கசகஸ்தான் வீரர் கிவிலெவ் சாக வேண்டியிருந்தது. அப்போதும் கடைசி மலையேற்றத்தில் கழற்றலாம் என்று முதலில் சலுகை வைத்தார்கள். மலையில் ஏறும்போது யார் விழுகிறார்கள்? எங்கள் ஊரில் விழுந்தவர்கள் எல்லோரும் இறங்கும்போது விழுந்தவர்கள். நம் நாட்டிலோ மோட்டார் சைக்கிளுக்குத்தான் கட்டாயம்.

தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். "தலைக்கு ஒன்றும் ஆகவில்லையே, பிறகென்ன?" என்றாள்.

1995இல் நான் அங்கே நிருபராக இருந்தேன். நோர்வூட் பாதையில் பத்திரிகை போடும் இளைஞன் ஒருவன் விடியற்காலை மழையில் இறங்கிவந்தான். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்கவில்லை. மதகுக் கட்டில் தலை மோதியது. 'தலையில் பலத்த காயமடைந்து உயிரிழந்தார்' என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். செய்தி வெளிவந்த பத்திரிகைக் கட்டை மறுநாள் யாரோ நடந்து கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இதைச் சொன்னதும் தங்கை நிமிர்ந்தாள்.

"நம்ம பேப்பர் அண்ணாவா?"

தலையசைத்தேன். உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து, தலைக்கவசத்தின் பட்டிகளை அவளே அறுத்தாள்.